பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள்



கொஞ்சம் நீண்ட பதிவு. வாகனம் வைத்திருப்பவர்கள், வாங்க யோசிப்பவர்கள், வெளிநாட்டில் உழைத்து வீட்டுக்கு வாகனம் எடுக்கக் காசு அனுப்பும் தம்பிமார் எல்லாரும் பொறுமையாக வாசியுங்கள்.

போன கிழமை இரவு பத்து மணி போல ஊர்த் தம்பி ஒருவர் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினார். புதிதாக எடுத்த காரின் டேஷ்போர்ட். ஸ்பீட் காட்டும் இடத்துக்குப் பக்கத்தில் மஞ்சள் நிறத்தில் நான்கைந்து ஜப்பான் எழுத்துகள். "சேர், இது என்ன சொல்லுது? காலையில கொழும்புக்குப் போகணும். ஓடலாமா?" என்று கேட்டிருந்தார்.

நான் கணிதம் படிப்பிக்கிறவன். ஜப்பான் மொழி எனக்குத் தெரியாது. ஆனாலும் இப்படியான படங்கள் எனக்கு வருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சிலருக்கு அது தெரியும். தெரியாதவர்களுக்காக இன்று முழுவதையும் எழுதுகிறேன். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மறுபடி திறந்தது. அதற்குப் பிறகு நம்ம ஊருக்குள்ளும் புதிய வாகனங்கள் வந்துகொண்டிருக்கின்றன. ஆகவே இது எழுத வேண்டிய நேரம்தான்.

எங்கள் வீட்டுக்கு முதல் கார் வந்தது 2016இல். ஜப்பானில் யாரோ ஓட்டிய ரீகண்டிஷன் ஹைபிரிட் கார். ஜப்பானிலும் நம் நாட்டைப் போல இடது பக்கம்தான் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலது பக்கம். அதனால்தான் அங்கே பாவித்த வாகனம் எதையும் மாற்றாமல் அப்படியே இங்கே ஓடுகிறது. ஒன்றைத் தவிர எல்லாம் நமக்குப் பொருந்தும். அந்த ஒன்று அதன் மொழி.

பட்டனை அழுத்தி ஸ்டார்ட் பண்ணியதும் ஒரு பெண் குரல் மிக மரியாதையாக ஏதோ சொல்லும். முதல் நாள் காரைப் பார்க்க வந்த மாமி ஒருவர், "பாருங்க, வண்டி சலாம் சொல்லுது" என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அது சலாம்தான். சின்ன மகள் ஒவ்வொரு முறையும் "வஅலைக்கும் ஸலாம்" என்று பதில் சொல்லுவாள்.

நடுவில் இருந்த பெரிய ஸ்கிரீனில் ஜப்பானின் வரைபடம். எங்கள் கார் நாவுலயில் நிற்கும்போது அந்த வரைபடத்தில் வெறும் நீல நிறம்தான் தெரியும். கடலுக்குள் நிற்கிறோமாம். மணிக்கூடு மூன்றரை மணித்தியாலம் முன்னால் ஓடியது. ரேடியோவும் பிடிக்கவில்லை. ஜப்பானில் எஃப்எம் வரிசை 76இல் தொடங்குகிறது, அந்தக் காலத்துச் செட்டுகள் 90உடன் முடிந்துவிடும். நம் நாட்டு வானொலிகளோ பெரும்பாலும் அதற்கு மேலேதான், 108 வரைக்கும். ஒரு சின்னப் பெட்டி பூட்டிச் சரிப்படுத்தினோம். அதன் பிறகும் ஸ்கிரீனில் வருவது பிழையான எண்தான். இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் முஸ்லிம் நிகழ்ச்சியை ஒரு நாளும் தவறவிடாத வாப்பா, அந்த எண்ணைத் தேடித் தேடி அலுத்துப்போய், வீட்டுச் சின்ன ரேடியோவை மடியில் வைத்துக்கொண்டு காரில் வருவார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டே ஏற்றுக்கொண்டோம். விளங்காத வண்டியை ஓட்டுகிறோம் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

வாப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் நாற்பது வருடம் ஹயர் ஓடியவர். அவருடைய முதல் வண்டி 1950களில் செய்த மொரிஸ் மைனர். அதன் டேஷ்போர்டில் இருந்ததெல்லாம் நடுவில் ஒரு வட்டமான வேகமானி, அதற்குள் பெட்ரோல் முள், ஒன்றிரண்டு சிறு விளக்குகள், இழுத்து ஸ்டார்ட் பண்ணும் ஒரு குமிழ், குளிரில் இழுக்கும் சோக் குமிழ். ஹெட்லைட்டைத் தாழ்த்தும் சுவிட்ச் காலடியில் தரையில் இருக்கும், இடது காலால் மிதிக்க வேண்டும். திரும்புவதற்கு இப்போதைய மாதிரி சிமிட்டும் சிக்னல் இல்லை. கதவுகளுக்கு நடுவில் உள்ள தூணிலிருந்து ஒரு சின்னக் கை வெளியே எழும்பும், அதற்குள் ஒரு விளக்கு எரியும். 1961இல்தான் மொரிஸ் மைனருக்குச் சிமிட்டும் சிக்னல் வந்தது. வாப்பாவின் வண்டியில் அந்தக் கை அடிக்கடி இறுகிப்போகும். உள்ளேயிருந்து தூணில் ஒரு தட்டுத் தட்டுவார், எழும்பும். எழும்பாவிட்டால் தன் கையையே வெளியே நீட்டுவார்.

சூடு காட்டும் முள் அந்த வண்டியில் கிடையாது. மணம், சத்தம், கால் வழியாக வரும் நடுக்கம், இவைதான் மீட்டர். மாத்தளையிலிருந்து ஏறி வரும்போது எந்த இடத்தில் வண்டி மூச்சு வாங்கும், எந்த ஓடையில் நிறுத்தித் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பது அவருக்கு மனப்பாடம்.

பிறகு வந்தது டொல்பின் ஹையேஸ் வேன். அதில் சூடு காட்டும் முள் இருந்தது. வாப்பாவுக்கு அந்த முள் மீது ஒரு தனிப் பாசம். "இது பொய் சொல்லாது மகன். பாதியில நிண்டா சரி. பாதியத் தாண்ட யோசிக்குது எண்டா நீயும் யோசி" என்பார்.

அந்த நாளில் ஓட்டுநருக்கும் வண்டிக்கும் நடுவில் ஆட்களும் இருந்தார்கள். லொறி ரிவர்ஸ் வரும்போது கிளீனர் பெடியன் பின்னால் நின்று பொடியில் தட்டுவான். தட்டும் விதத்திலேயே எவ்வளவு இடம் இருக்கிறது என்று தெரியும். அதுதான் அன்றைய ரிவர்ஸ் கெமரா. பஸ்ஸில் மணி ஒரு தரம் அடித்தால் நிறுத்து, இரண்டு தரம் அடித்தால் போ. எழுதப்படாத மொழி. ஆனால் ஓட்டுபவருக்கும் உள்ளே இருப்பவருக்கும் ஒரே மாதிரி விளங்கிய மொழி.

பிறகு மெல்ல மெல்ல வண்டியே பேசத் தொடங்கியது. இதன் வரலாற்றைத் தேடிப் பார்த்தபோது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. காருக்குள் வைக்கும் ரேடியோவை அமெரிக்காவில் கெல்வின் சகோதரர்கள் 1930இல் விற்றார்கள். மோட்டார் என்ற சொல்லிலிருந்தே அதற்கு மோட்டரோலா என்று பெயர் வைத்தார்கள். நாம் பிற்காலத்தில் கையில் பிடித்த போனின் பெயர் காரிலிருந்து வந்தது. 1980களின் தொடக்கத்தில் நிசான் கார்களில் லைட் எரிகிறது, கதவு திறந்திருக்கிறது என்று பெண் குரலில் சொல்லும் கருவி வந்தது. அதற்குள் சுழன்றது ஒரு குட்டி இசைத்தட்டு. 1981இல் ஹொண்டா செய்மதி எதுவும் இல்லாமலே, திசை அறியும் ஒரு கருவியையும் கண்ணாடி போன்ற வரைபடத் தாள்களையும் வைத்து வழி காட்டும் பெட்டியை விற்றது. 1986இல் அமெரிக்காவில் பியூக் ரிவியேரா காரில் தொட்டால் வேலை செய்யும் ஸ்கிரீன் வந்துவிட்டது. 1997 டிசம்பரில் ஜப்பானில் டொயோட்டா பிரியஸ் விற்பனைக்கு வந்தது. எஞ்சின் ஓடுகிறதா, பெட்டரி ஓடுகிறதா என்பதை ஓட்டுபவர் காதால் அறிய முடியாத வண்டி. அதனால் ஸ்கிரீனில் படம் போட்டுக் காட்ட வேண்டியதாயிற்று.

கவனியுங்கள். வண்டி அமைதியாக அமைதியாக, ஸ்கிரீன் அதிகம் பேச வேண்டிவந்தது. காதுக்கும் மூக்குக்கும் வந்துகொண்டிருந்த செய்தியெல்லாம் எழுத்தாக மாறியது. எழுத்தாக மாறினால் ஒரு கேள்வி வரும். எந்த மொழி எழுத்து?

அந்தக் கேள்விக்கு நான் பதில் படித்தது 2018 நவம்பரில்.

அன்று வாப்பாவைக் கண்டியில் கிளினிக்குக்குக் கூட்டிப்போய்த் திரும்பிக்கொண்டிருந்தோம். நான் ஓட்டினேன். முன்னால் வாப்பா. பின்னால் மனைவியும் இரண்டு பிள்ளைகளும். மாத்தளையில் மஃரிப் தொழுதுவிட்டுப் புறப்பட்டோம். மழை. அந்த நேரம் ஏ9 வீதி எப்படியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். தம்புள்ளை மரக்கறிச் சந்தைக்குப் போகும் லொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன.

பலாபத்வெல தாண்டியதும் ஒரு "பீப்". டேஷ்போர்டில் மஞ்சள் முக்கோணம், அதற்குப் பக்கத்தில் ஒரு வரி ஜப்பான் எழுத்து. நான் ஸ்டியரிங்கில் இருந்த பட்டனை அழுத்தினேன். மறைந்துவிட்டது.

இப்படி அழுத்தி மறைப்பது எனக்குப் பழக்கம். இரண்டு வருடமாக அந்தக் கார் ஒவ்வொரு நாளும் ஏதாவது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. ஒன்றும் விளங்காது, ஒன்றும் நடக்காது. விளங்காத சத்தத்தைத் தினமும் கேட்டால் காது அதைத் தள்ளிவிடப் பழகிவிடுகிறது.

கொஞ்ச தூரம் போனதும் வாப்பா சொன்னார்: "மகன், வண்டி இழுக்குதில்ல."

"அது ஈகோ மோட்ல இரிக்கி வாப்பா. அப்படித்தான் இருக்கும்."

"இல்ல மகன். நான் காலையில இருந்து பாத்துக்கிட்டு வாறன். இப்ப வேற மாதிரி. எங்கயாச்சும் ஓரமா நிப்பாட்டிப் பாப்பம்."

"இது உங்கட மொரிஸ் மைனர் இல்ல வாப்பா. ஏதும் பிழை எண்டா வண்டியே சொல்லும்."

இதை நான் சொன்னேன். பிள்ளைகளுக்கு முன்னால், சிரித்துக்கொண்டு சொன்னேன். வாப்பா அதற்குப் பிறகு ஒன்றும் பேசவில்லை.

மடவல உல்பொத கிட்ட வரும்போது மறுபடி சத்தம். இந்த முறை சிவப்பு. இரண்டு வரி எழுத்து. பட்டனை அழுத்தினேன், போகவில்லை. கடைகளும் வெளிச்சமும் அகலமான ஓரமும் இருந்த இடத்தைக் கடந்து போனோம். நிறுத்தியிருக்கலாம். வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம்தானே என்று போனேன்.

நாலந்தைக்கு முன்னால் ஒரு வளைவில் கார் நின்றது. இழுத்து முனகி நிற்கவில்லை. சத்தமே இல்லாமல், கரண்ட் போன மின்விசிறி மாதிரி ஓய்ந்து நின்றது. ஒரு பக்கம் மண்மேடு, மறுபக்கம் பள்ளம். நாங்கள் நின்றது சரியாக வளைவு முடியும் இடத்தில். பின்னால் வரும் லொறிக்கு எங்கள் சிவப்பு விளக்கு தெரியும்போது எங்களுக்கும் அதற்கும் இடையில் ஒரு பஸ்ஸின் நீளம்கூட இருக்காது.

நான் செய்தது என்ன தெரியுமா? ஹசார்ட் லைட்டைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட் பட்டனை அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்கிரீனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வாப்பா கதவைத் திறந்து இறங்கிவிட்டார். "பிள்ளைகள இறக்கு. ரோட்டுல நிக்க வெக்காத, மேட்டுல ஏத்து" என்றார். தோளில் கிடந்த வெள்ளைத் துவாயை ஒரு கையில் எடுத்தார், போன் டோர்ச்சை மறு கையில் பிடித்தார், வளைவுக்கு அந்தப் பக்கம் மழைக்குள் நடந்து போனார். அப்போது அவருக்கு 74 வயது.

நாங்கள் பிள்ளைகளை மேட்டில் ஏற்றிக்கொண்டிருக்கும்போதே லொறிச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு நீண்ட பிரேக் சத்தம். வளைவுக்கு அந்தப் பக்கத்திலேயே நின்றது. வாப்பா துவாயை மேலும் கீழும் ஆட்டிய விதத்தைப் பார்த்துத்தான் பிரேக் போட்டதாக அந்தச் சிங்களச் சகோதரர் சொன்னார். வேகத்தைக் குறை என்று அந்தக் காலத்தில் ஓட்டுநர்கள் கையால் காட்டிய சைகை அது. அவருடைய தகப்பனும் லொறி ஓடியவராம். அவரும் கிளீனரும் சேர்ந்து காரைத் தள்ளி ஓரம்கட்டித் தந்தார்கள். அல்ஹம்துலில்லாஹ், ஒருவருக்கும் ஒரு கீறலும் இல்லை.

அடுத்த நாள் கெரேஜில் காரணம் தெரிந்தது. ஹைபிரிட் காரில் பெட்டரி மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்ற மாதிரி மாற்றிக் கொடுக்கும் இன்வெர்ட்டர் என்று ஒரு பெட்டி உண்டு. அதைச் சுற்றித் தண்ணீரை ஓடவைக்கும் சின்ன மின்பம்பு நின்றுபோயிருந்தது. சூடு ஏற ஏற வண்டி தன் பலத்தைத் தானே குறைத்திருக்கிறது. வாப்பா "இழுக்குதில்ல" என்றது அதைத்தான். கடைசியில் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிட்டது. வண்டியில் பெரிய பிழை இல்லை. பாவித்த வாகனத்தில் பம்பு பழுதாவது நடக்கிற விஷயம். பிழை ஓட்டியவனில்.

அன்றிரவு காருக்குள் மூத்த மகள் என் போனில் அந்தச் சிவப்பு எழுத்தைப் படம் எடுத்திருந்தாள், வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டவாம். ஜப்பானில் படிக்கப் போயிருந்த என் பழைய மாணவன் ஒருவனுக்கு அதை அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் குரல்பதிவு வந்தது.

"சேர், மேல்வரியில ஹைபிரிட் சிஸ்டத்தில கோளாறு எண்டு இருக்கு. கீழ்வரியில, பாதுகாப்பான இடத்தில நிறுத்துங்க எண்டு இருக்கு. இது எவ்வளவு நேரம் காட்டினது சேர்?"

கணக்குப் பார்த்தேன். சிவப்பு எழுத்து வந்ததிலிருந்து நின்ற வளைவு வரைக்கும் பத்து நிமிடத்துக்குக் கிட்ட. அந்த நேரம் முழுக்க அந்த வண்டி என்னிடம் கெஞ்சிக்கொண்டிருந்திருக்கிறது. பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள், பாதுகாப்பான இடத்தில் நிறுத்துங்கள் என்று. அதே காரில், அதே நேரத்தில், அதே வார்த்தையைத் தமிழில் ஒருவர் சொன்னார். அவரையும் நான் பட்டன் அழுத்தி மறைத்துவிட்டேன்.

அந்த மாணவனுக்கு இரண்டு நாள் பதில் போடவில்லை. பிறகு வெட்கத்தை விட்டு இன்னொன்றும் கேட்டேன். தினமும் சலாம் சொல்லும் அந்தக் குரலைப் பதிவுசெய்து அனுப்பினேன். சிரித்துவிட்டுச் சொன்னான்: "சேர், அது ஈ.டீ.சீ. கார்ட் போடப்படவில்லை எண்டு சொல்லுது." ஜப்பானின் அதிவேக வீதிகளில் காசு கட்ட வண்டிக்குள் போடும் அட்டையாம். மாத்தளை மாவட்டத்தில் ஓடும் காருக்கு அந்த அட்டை எதற்கு? ஆனால் தேவையில்லாத அந்த எச்சரிக்கையைத் தினமும் கேட்டுக் கேட்டுத்தான் தேவையான எச்சரிக்கை வந்த நாளில் என் காது மூடியிருந்தது. அந்தப் பெட்டியைக் கழற்றச் சொல்லிவிட்டேன். சின்ன மகள்தான் இரண்டு நாள் அழுதாள்.

இதற்குப் பிறகு நான் யோசித்ததில் சில விஷயங்களைச் சொல்கிறேன்.

ஒன்று, முள்ளுக்கும் விளக்குக்கும் உள்ள வித்தியாசம். கணித வாத்தியார் என்பதால் இப்படிச் சொல்கிறேன். முள் ஒரு வரைபு மாதிரி. ஏறுகிறதா, இறங்குகிறதா, எவ்வளவு வேகமாக ஏறுகிறது என்று காட்டும். விளக்கு பரீட்சை முடிவு மாதிரி. சித்தி, அல்லது சித்தியில்லை. இப்போது பல சிறிய கார்களில் எஞ்சின் சூட்டுக்கு முள் கிடையாது. குளிராக இருந்தால் நீல விளக்கு, அளவுக்கு மிஞ்சினால் சிவப்பு விளக்கு, நடுவில் ஒன்றுமில்லை. ஆகவே சிவப்பு வரும்போது அது முதலாவது செய்தி மட்டுமல்ல, கடைசிச் செய்தியும் அதுதான். முள்ளோடு பழகிய நம் பெரியவர்கள் "இன்னும் கொஞ்ச தூரம் போகலாம்" என்பார்கள். விளக்கோடு அந்தக் கணக்கு சரிவராது.

இரண்டு, ஸ்கிரீன். 2022இல் சுவீடனில் ஒரு வாகனச் சஞ்சிகை ஒரு சோதனை செய்தது. ரேடியோ மாற்றுவது, இருக்கைச் சூட்டைப் போடுவது போன்ற நான்கு சின்ன வேலைகளை ஓட்டிக்கொண்டே செய்ய எவ்வளவு நேரம் போகிறது என்று பார்த்தார்கள். பட்டன்கள் உள்ள 2005ஆம் வருடத்து வொல்வோ காருக்கு 10 வினாடி. ஸ்கிரீன் உள்ள புதிய கார் ஒன்றுக்கு 44 வினாடிக்கு மேல். நம் வீதிக்குக் கணக்குப் போடுங்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் ஒரு வினாடிக்கு 16 மீற்றருக்கு மேல் போகிறோம். 10 வினாடி என்றால் 160 மீற்றருக்கு மேல். 44 வினாடி என்றால் 700 மீற்றரைத் தாண்டும். அவ்வளவு தூரத்துக்குள் நாவுல டவுனில் எத்தனை பிள்ளைகள் வீதியைக் கடப்பார்கள்? உலகமும் இதை உணரத் தொடங்கியிருக்கிறது. கார்களின் பாதுகாப்புக்கு நட்சத்திரம் கொடுக்கும் ஐரோப்பாவின் யூரோ என்கெப் அமைப்பு, சிக்னல், ஹசார்ட், ஹோர்ன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்கு ஸ்கிரீனில் இல்லாத தனிச் சுவிட்ச் இருந்தால்தான் 2026 முதல் முழு நட்சத்திரத்துக்கு வழி என்று அறிவித்தது. ஸ்கிரீனைத் தடவிப் பார்க்க முடியாது. பட்டனைக் கண் பார்க்காமலே விரல் கண்டுபிடிக்கும்.

மூன்று, வெளிச்சத்துக்கும் ஊருக்கு ஊர் பாஷை உண்டு. இங்கே எதிரே வருபவர் லைட் அடித்தால் "நான் வாறன், நீ நில்" என்று அர்த்தம். ஜப்பானில் பெரும்பாலும் "நீங்க போங்க" என்று வழிவிடுவதற்காம். வழிவிட்டதற்கு நன்றி சொல்ல அங்கே ஹசார்ட் லைட்டை இரண்டு தரம் சிமிட்டுவார்கள். நம் நாட்டில் சிலர் சந்தியில் நேரே போவதற்கு ஹசார்ட் போடுகிறார்கள். விளக்கு ஒன்றுதான், அர்த்தம் மூன்று. வெளிநாட்டில் ஓட்டிப் பழகி லீவில் வரும் தம்பிமார் இதை மறக்க வேண்டாம்.

இனிச் செய்ய வேண்டியவை. இவற்றை என் வகுப்புப் பிள்ளைகளோடு சேர்ந்து ஒரு தாளில் போட்டோம். ஜப்பான் கார் என்றாலும் ஜெர்மன் கார் என்றாலும் எச்சரிக்கைப் படங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். அதற்கென்று ஐ.எஸ்.ஓ. 2575 என்ற சர்வதேச நியமம் இருக்கிறது. எழுத்து விளங்காவிட்டாலும் படமும் நிறமும் விளங்கினால் போதும்.

1. நிறத்தைப் படியுங்கள். பச்சையும் நீலமும் ஏதோ ஒன்று வேலை செய்கிறது என்று சொல்பவை. மஞ்சள் என்றால் கவனி, விரைவில் காட்டு. சிவப்பு என்றால் பாதுகாப்பான முதல் இடத்தில் நிறுத்து. வீட்டுக்குக் கிட்ட வந்துவிட்டோம் என்று பார்க்க வேண்டாம்.

2. சிவப்பில் எண்ணெய்க் குவளை வந்தால் எஞ்சினை உடனே அணையுங்கள். சிவப்பில் வெப்பமானி வந்தால் நிறுத்துங்கள், ஆனால் ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்க வேண்டாம். வட்டத்துக்குள் ஆச்சரியக்குறி என்றால் முதலில் ஹேண்ட் பிரேக்கைப் பாருங்கள். அது விட்டிருந்தும் எரிந்தால் பிரேக்கில் பிழை, ஓட்ட வேண்டாம்.

3. சுவிட்ச் ஓன் பண்ணியதும் எல்லா எச்சரிக்கை விளக்கும் ஒரு தரம் எரிந்து சில வினாடியில் அணைய வேண்டும். அது வண்டி தன்னைத் தானே சோதிப்பது. ஆள் உட்கார்ந்து முன்னால் பந்து இருக்கிற மாதிரியான எயார்பேக் விளக்கு ஒருபோதும் எரிவதே இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டாம். பிழையை மறைக்க யாரோ விளக்கையே அணைத்திருக்கலாம். பாவித்த வாகனம் வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது இது.

4. ஸ்கிரீனில் விளங்காத எழுத்து வந்தால் ஓரம் நிறுத்திப் படம் எடுங்கள். போனில் உள்ள மொழிபெயர்ப்பு எப் கெமராவைப் பிடித்தாலே விளங்கப்படுத்தும். வாங்கிய முதல் கிழமையே வண்டியின் எல்லா மெனுவையும் இப்படிப் பார்த்து, ஆங்கிலத்துக்கு மாற்ற முடியுமானால் மாற்றிவிடுங்கள்.

5. தேவையில்லாத சத்தங்களை நிறுத்திவிடுங்கள். அட்டை இல்லை என்ற குரல், வேலை செய்யாத நெவிகேஷன் எல்லாவற்றையும். தேவையான சத்தம் மட்டும் மிஞ்ச வேண்டும்.

6. வண்டி நின்றுவிட்டால் முதலில் ஆட்களை இறக்கி வீதிக்கு வெளியே ஏற்றுங்கள். முக்கோணத்தை வளைவுக்கு அந்தப் பக்கம் வையுங்கள். வெளிச்சம் நேராகத்தான் போகும், வளைந்து போகாது.

இந்தத் தாளைச் செய்யும்போது முதலில் ஒவ்வொரு படத்துக்கும் பெயர் எழுதியிருந்தோம். வாப்பாவிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "பேர் என்னத்துக்கு மகன்? என்ன செய்யணும் எண்டு எழுது" என்றார். மாற்றி எழுதினோம். தமிழிலும் சிங்களத்திலும் இப்போது அந்தத் தாள் ஊரில் பல வண்டிகளில் இருக்கிறது. அதனால்தான் எனக்குப் படங்கள் வருகின்றன.

போன கிழமைத் தம்பியின் படத்துக்கு வருகிறேன். மொழிபெயர்த்துப் பார்த்தேன். சாவியின் பெட்டரி குறைந்துவிட்டது என்று இருந்தது. சின்ன விஷயம். "ஓடலாம், காலையில சாவிக்கு பெட்டரி ஒண்டு வாங்கிப் போடுங்க" என்று பதில் அனுப்பினேன். கேட்டதற்கு நன்றியும் சொன்னேன். அன்று நான் கேட்கவில்லை.

வாப்பாவுக்கு இப்போது 81. ஓட்டுவதில்லை. முன் இருக்கையில்தான் இருப்பார். டேஷ்போர்டில் ஏதாவது எரிந்தால் "அது என்ன சொல்லுது?" என்று கேட்பார். வாசித்துச் சொல்லுவேன். வண்டியைப் பற்றி அவர் ஏதாவது சொன்னால் ஓரம்கட்டிவிட்டு என்ன என்று கேட்பேன். பத்துத் தரத்தில் எட்டுத் தரம் ஒன்றும் இருக்காது. பரவாயில்லை, ஐந்து நிமிடம்தானே.

வருகிற சனிக்கிழமை அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன். விளங்காத எழுத்தோடு வண்டி வைத்திருப்பவர்கள் கொண்டு வாருங்கள், பிள்ளைகளும் இருப்பார்கள், ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி ஒட்டித் தருவோம். காசு ஒன்றும் வேண்டாம். வர முடியாதவர்கள் படம் அனுப்புங்கள். இரவு பத்து மணி என்றாலும் பரவாயில்லை.

வாகனம் ஓட்டும் உங்கள் பிள்ளைகளுக்கும் சகோதரர்களுக்கும் இதைப் பகிர்ந்துவிடுங்கள். துஆவில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.